பிறப்பதற்கு முன்பே பீடி சுற்றியவர்கள்

கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று இப்போதும் யாராவது என் முன்னால் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தானாகச் சொல்லாது, சரி. நாம் சொன்ன பொய்யை வாங்கி வைத்துக்கொண்டு, அதற்கு அழகாகக் கோடு போட்டு, அச்சடித்துக் கையில் கொடுத்துவிடும். சுகன்யாவைக் கேட்டால் தெரியும். ஆனால் அவள் சொல்ல மாட்டாள். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கிறாள். பழைய கதையை எடுத்தால் பேச்சை மாற்றிவிடுவாள். எனக்கு வாய் அதிகம் என்று என் வீட்டிலேயே பெயர், அதனால் நான் சொல்கிறேன்.

தொண்ணூற்று நான்கில் பாளையங்கோட்டையில் குமரகுருபரன் சார் நடத்திய கம்ப்யூட்டர் சென்டரில் நாங்கள் இரண்டு பேர் வேலை பார்த்தோம். செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது என்பார் சார். எனக்கு டைப்பிங் வேலை. கல்லூரி வாத்தியார்களின் ஆராய்ச்சிக் கட்டுரைகளை அடித்துக் கொடுப்பேன். புரோகிராம் எழுதுவது சுகன்யா. எங்கள் சைவப் பிள்ளைமார் தெருவில், கணக்கு நம் ரத்தத்தில் ஊறியது என்று பெருமை அடித்துக்கொள்வார்கள். நான் பத்தாம் வகுப்புக் கணக்கில் வாங்கிய மார்க்கை வெளியே சொன்னால் அந்தப் பெருமை அன்றோடு போய்விடும். சுகன்யாவின் தெருவில் யாருக்கும் அந்தப் பெருமை கிடையாது. அங்கே வீட்டுக்கு வீடு பீடி சுற்றினார்கள்.

முக்கூடல் தாண்டி, ஆற்றை ஒட்டிய ஓர் ஊர் அவளுடையது. அம்மா மாரிக்கண்ணு பீடி சுற்றினாள். அம்மா செத்த பிறகு அக்கா செல்லக்கிளி சுற்றினாள். அந்தக் காசில்தான் சுகன்யா பி.எஸ்.ஸி. கணக்கு முடித்து, கம்ப்யூட்டர் டிப்ளமோவும் படித்தாள். பாளையங்கோட்டையில் ஒரு மகளிர் விடுதியில் தங்கியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊருக்குப் போவாள். அக்காவைப் பற்றிப் பேசினால் அவள் முகம் மலர்ந்துவிடும். எனக்கு அக்கா கிடையாது. அதனால் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கும்.

அந்த வருஷம் மகேஸ்வரன் டாக்டர் எங்கள் சென்டருக்கு வந்தார். நெஞ்சு நோய் டாக்டர், சொந்தமாகக் கிளினிக் வைத்திருந்தார். தங்கமான மனுஷர், ஆனால் காலில் வெந்நீர் ஊற்றியதுபோல எப்போதும் ஓட்டம். ஆற்றோரத்து ஊர்களில் பீடி சுற்றும் பெண்களின் மூச்சை அளந்துகொண்டிருந்தார். ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொல்வது, அதில் முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்வது. கூடவே வயது, உயரம், பீடிக் கார்டு எண், கார்டு எடுத்து எத்தனை வருஷம் என்ற விவரங்கள். வடக்கே ஓர் அறக்கட்டளை இதற்குப் பணம் கொடுத்திருந்தது. எல்லாருக்கும் வைத்தியம் பார்க்க அந்தப் பணம் காணாது. இருப்பதிலேயே மோசமானவர்களை மட்டும் கூப்பிட்டு எக்ஸ்ரே எடுத்து, சளி பார்த்து, மருந்து கொடுப்பார்கள். மருந்து சாப்பிடும் ஆறு மாதமும் வீட்டுக்கு அரிசியும் உண்டு. யார் மோசம் என்று சுகன்யா போடும் படம் சொல்ல வேண்டும்.

சிறு வயதிலேயே புகையிலைத் தூசியைச் சுவாசிக்க ஆரம்பித்தவர்களுக்குத்தான் மூச்சு அதிகம் கெட்டிருக்கும் என்பது டாக்டரின் எண்ணம். எனவே வயதிலிருந்து கார்டு வருஷத்தைக் கழித்தால் வேலைக்கு வந்த வயது கிடைக்கும். அது படத்தின் கீழ்க்கோட்டில். ஊதிய அளவு நிமிர்ந்த கோட்டில். ஒவ்வொரு பெண்ணும் ஒரு புள்ளி. புள்ளிகளுக்கு நடுவே சராசரியாக ஒரு கோடு. கோட்டுக்கு ரொம்பக் கீழே விழுகிற புள்ளிகளைக் கூப்பிட வேண்டியது. எனக்கே புரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

படிவங்களில் பாதியை நான் அடித்தேன், பாதியை அவள் அடித்தாள். பெயர்களை அடிக்கவில்லை. கார்டு எண்ணும் மற்ற எண்களும் மட்டும்தான் கம்ப்யூட்டருக்குள் போயின. பிறகு அவள் புரோகிராமை ஓட்டினாள். பிரிண்டர் கரகரவென்று இழுத்துத் தாளை வெளியே தள்ளியது. படம் தப்பாக வந்திருந்தது.

நிமிர்ந்த கோட்டுக்கு வலதுபுறம்தான் புள்ளிகள் இருக்க வேண்டும். அங்கே நிறைய இருந்தன. ஆனால் இடதுபுறமும் சில புள்ளிகள் கிடந்தன. இடதுபுறம் என்றால் பூஜ்யத்துக்கும் கீழே. மைனஸ் ஏழு வயதில் பீடி சுற்ற வந்தவள், மைனஸ் நாலு வயதில் வந்தவள்.

"எங்கயோ கழிக்கதுல தப்பு வச்சிருக்கேன் விஜிக்கா" என்றாள்.

வரிவரியாகப் பார்த்தாள். கோடு எங்கே தொடங்க வேண்டும், ஒரு வருஷத்துக்கு எவ்வளவு தள்ள வேண்டும் என்று சொல்கிற வரிகளை மாற்றிப் போட்டாள், பழையபடி போட்டாள். மேதாவித்தனமாக நானும் "பிரிண்டர் தலையைத் துடைச்சுப் பாரேன்" என்று சொல்லி வைத்தேன். அவள் சிரித்துவிட்டு, தானே கற்பனையாகச் சில எண்களைக் கொடுத்து ஓட்டினாள். அவை இருக்க வேண்டிய இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்தன. புரோகிராமில் தப்பு இல்லை. அப்படியானால் அடித்ததில் தப்பு இருக்க வேண்டும் என்று துணிப்பையிலிருந்து படிவங்களை எடுத்தாள். ஒரு பெண்ணுக்கு வயது இருபத்து நான்கு, கார்டு வருஷம் முப்பத்தொன்று. எழுத்து தெளிவாக இருந்தது. அடுத்த படிவமும் அப்படித்தான், அதற்கடுத்ததும்.

மூன்றாவது படிவத்தோடு அவள் கை நின்றுவிட்டது.

"ஏட்டி, என்ன?" என்றேன்.

"ஒண்ணும் தப்பு இல்லக்கா. கார்டு இவ்வோ அம்மைக்கு உள்ளது."

பிறகு அவள் சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. பக்கத்து ஊரிலேயே பிறந்து வளர்ந்தும் எனக்கு இது தெரியாது, வெட்கக்கேடு. கம்பெனி புதிதாகக் கார்டு கொடுப்பதில்லை. கார்டு இருந்தால்தான் கடையில் இலையும் தூளும் கிடைக்கும். பி.எஃப். உண்டு, பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகை உண்டு. அதனால் அம்மா கார்டில் மகள் சுற்றுவாள். மாமியார் கார்டில் மருமகள் சுற்றுவாள். கார்டுக்காரி செத்தால் ஊரே வந்து அழும், ஆனால் கடைக்கு மட்டும் அந்தச் சாவு தெரியாது. தெரியாது என்றால் கடைக்காரருக்குத் தெரியும். வாரத்துக்கு ஒரு கட்டு பீடியைக் கூடுதலாக வாங்கிக்கொண்டு கண்டும் காணாமல் இருப்பார். இந்தப் பெண்கள் வயதைக் கேட்டபோது தங்கள் வயதைச் சொல்லியிருக்கிறார்கள். வருஷத்தைக் கேட்டபோது கார்டைப் பார்த்து அம்மாவின் வருஷத்தைச் சொல்லியிருக்கிறார்கள்.

சாயங்காலம் டாக்டர் வந்து படத்தைப் பார்த்தார். "சர்வே எடுத்த பசங்களுக்குக் கழிக்கக்கூடத் தெரியல. இந்தப் புள்ளியெல்லாம் எடுத்துரும்மா" என்றார்.

"எடுக்க வேண்டாம் சார்" என்றாள் சுகன்யா. "வேலைக்கு வந்த வயச விட்டுருவோம். இப்பத்த வயச வச்சுப் படம் போடுவோம். வருஷம் தப்பா இருந்தாலும் வயசு சரியாத்தான் சார் இருக்கும்."

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். வயது கூடக் கூட மூச்சு குறைவது இயல்புதானே, அந்த வயதுக்கு இருக்க வேண்டியதைவிடக் குறைவாக இருப்பவர்களைக் கூப்பிடலாம் என்று சம்மதித்தார். கார்டு சமாச்சாரத்தை அவள் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பெண்களின் கார்டு போய்விடும் என்று பயம். சொல்லாமலே காரியம் நடக்கிறது என்று அவளுக்கு நிம்மதி.

புதுப் படம் சுத்தமாக வந்தது. இடமிருந்து வலமாக இறங்குகிற கோடு, அதைச் சுற்றிப் புள்ளிகள். முன்பு பூஜ்யத்துக்கு இடதுபுறம் கிடந்தவர்கள் எல்லாரும் இப்போது கோட்டுக்கு ரொம்பக் கீழே இருந்தார்கள். சின்ன வயது, கெட்ட மூச்சு. டாக்டர் அவர்களுடைய எண்களைக் குறித்துக்கொண்டு போனார். சுகன்யாவுக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் எனக்கு ஒரு பால்கோவா வாங்கிக் கொடுத்தாள். எடுக்கச் சொன்ன புள்ளிகளைக் காப்பாற்றிவிட்டோம் என்று நானும் கூடச் சேர்ந்து தின்றேன்.

டாக்டர் அவர்களைக் கூப்பிட ஆரம்பித்த பிறகுதான், படத்தில் தன் அக்கா எங்கே இருக்கிறாள் என்று பார்க்க அவளுக்குத் தோன்றியது. செல்லக்கிளிக்குக் கொஞ்ச காலமாகவே இருமல். கீழே கிடந்தவர்களில் அவள் இல்லை. அம்மாவின் கார்டு எண் சுகன்யாவுக்கு மனப்பாடம். ஒவ்வொரு வருஷமும் பள்ளிக்கூடத்தில் உதவித்தொகைக்கு எழுதிக் கொடுத்த எண். அடித்துத் தேடினாள். என் பாதியில் வந்த படிவம் அது, அதனால்தான் அவள் கண்ணில் படவில்லை. வயது ஐம்பத்திரண்டு என்று இருந்தது.

அக்காவுக்கு முப்பத்து நான்கு வயது. உயிரோடு இருந்திருந்தால் அம்மாவுக்கு ஐம்பத்திரண்டு.

செல்லக்கிளி கெட்டிக்காரி. கார்டில் யார் பெயரோ அவள் வயதையே சொல்லியிருக்கிறாள். வருஷத்தைக் கழித்தால் பதினாறு வயதில் வேலைக்கு வந்த கணக்கு, ஓர் இடறல் கிடையாது. புள்ளி கோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது. படத்தைப் பார்க்கிற யாரும் இதைவிட ஒழுங்கான புள்ளி இல்லை என்றுதான் சொல்வார்கள். ஐம்பத்திரண்டு வயதுக்காரிக்கு எவ்வளவு மூச்சு இருக்க வேண்டுமோ அவ்வளவு இருந்தது. முப்பத்து நான்கு வயதுக்காரிக்கு அது சாவுக்குப் பக்கம்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனாள். அங்கே நடந்ததை மறுநாள் என்னிடம் ஒப்பித்தாள். செல்லக்கிளி பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, தலையைத் தூக்காமல் பேசியிருக்கிறாள்.

"வயசக் கேட்டாவ, அம்மா வயசச் சொன்னேன். கார்டுல அம்மா பேருதான இருக்கு. பெறவு எவ வயசச் சொல்லுவேன்?"

"ஒன் மூச்சு ரொம்பக் கெட்டுப் போயிருக்குக்கா. சரியான வயசச் சொல்லு, மருந்து தருவாவ. அரிசியும் தருவாவ."

"மேலத் தெரு கோமுவுக்கும்தான் தந்தாவ. ஒன் டாக்டரு கூப்பிட்டாருன்னு போனா. திரும்பி வந்து கடைக்குப் போனா, பூதத்தான் அண்ணாச்சி கார்டப் பிடுங்கி வச்சிக்கிட்டாரு. இருவத்து நாலு வயசுக்காரிக்கு முப்பத்தோரு வருசக் கார்டு எங்கனருந்து வந்துதுன்னு கேட்டாராம். வாராவாரம் கட்டு வாங்கித் தின்ன மனுசனுக்குத் தெரியாதாக்கும்! டாக்டரு தாளுல வயச எழுதி அது கம்பெனிக்குப் போயிட்டுதாம். இனி அவரு கையில ஒண்ணுமில்லியாம்."

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்தது என்பார்களே, அதுதான் கோமுவுக்கு நடந்தது. உண்மையைச் சொன்ன எல்லாருக்கும் நடந்தது. பால்கோவா வாங்கித் தின்றோமே, அந்தச் சந்தோஷத்தின் லட்சணம் இது.

"மருந்து ஆறு மாசம்ட்டி. கார்டு ஆயுசுக்கும்" என்றாளாம் செல்லக்கிளி. "நானும் என் நாத்தனாளும் இந்த ஒரு கார்டுலதான் போடுதோம். ரெண்டு வீட்டு அடுப்பு. நீ பைய ஒன் வேலயப் பாத்துட்டுப் போ. இருமல் எவளுக்கு இல்ல?"

திங்கட்கிழமை சுகன்யா வந்ததும் வராததுமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அக்காவின் விவரம் இருந்த வரிக்குப் போய் ஐம்பத்திரண்டை அழித்தாள்.

"ஏட்டி, என்ன செய்யுத?" என்றேன்.

"தப்ப சரி பண்ணுதேன்."

முப்பத்து நான்கு என்று அடித்து மறுபடி ஓட்டினாள். செல்லக்கிளியின் புள்ளி இடதுபுறம் நகர்ந்தது. அந்த இடத்தில் கோடு உயரத்தில் இருந்தது. இவள் மற்ற எல்லாருக்கும் கீழே, தனியாகக் கிடந்தாள். அடிக்கும்போது ஓர் எண் தப்பிவிட்டது என்று சொல்லி, புதுப் படத்தை டாக்டரிடம் கொடுத்தாள். அக்கா நேரில் வந்து நின்றால் போதும், டாக்டர் பார்த்துவிடுவார், கடைக்குச் சொல்ல வேண்டாம் என்று அவர் காலில் விழுந்தாவது கேட்டுக்கொள்ளலாம் என்பது அவள் திட்டம். நல்ல திட்டம்தான். ஆனால் கோமு விவகாரத்துக்குப் பிறகு கம்பெனி உஷாராகியிருந்தது. டாக்டர் கூப்பிடும் பெண்களைக் கடைக்காரரே வேனில் கூட்டிவந்து, கார்டைச் சரிபார்க்க வேண்டும் என்று உத்தரவு. அது எங்களுக்குத் தெரியாது.

கிளினிக்குக்குச் சுகன்யா மட்டும்தான் போனாள், பெயர் கூப்பிட ஆள் வேண்டும் என்று டாக்டர் கேட்டதால். வராந்தா முழுக்கப் பெண்கள். வாசலில் பூதத்தான், வெள்ளை வேட்டியும் கையில் பையுமாக. டாக்டர் தாளைப் பார்த்து, "மாரிக்கண்ணு" என்றார். செத்துப்போன அம்மாவின் பெயரைச் சுகன்யாதான் உரக்கக் கூப்பிட வேண்டியிருந்தது. செல்லக்கிளி எழுந்து வந்தாள்.

டாக்டர் கார்டை வாங்கிப் பார்த்தார். "அம்பத்தெட்டுலருந்து கார்டு இருக்கு. இங்க வயசு முப்பத்தி நாலுன்னு போட்டிருக்கு. உங்களுக்கு என்ன வயசும்மா?"

பூதத்தான் வாசலிலிருந்து ஓரடி உள்ளே வந்தார்.

"அம்பத்தி ரெண்டு சார்" என்றாள் செல்லக்கிளி.

டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தார். சுகன்யா அந்த நிமிஷத்தைத்தான் நம்பியிருந்தாள். கண் இருக்கிற எவருக்கும் தெரிந்துவிடும் என்று நினைத்திருந்தாள். டாக்டர் பார்த்தது நரைத்த வகிடு, விழுந்த முன்பல், ஒட்டிய கன்னம், துருத்திக்கொண்டு நின்ற கழுத்தெலும்பு. தலை முதல் கால் வரை பார்த்தார். அவருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

"ஏம்மா சுகன்யா, என்ன இப்படி அடிச்சிருக்க? அப்பம் மொதல்ல போட்டதுதான் சரி."

சுகன்யா வாயைத் திறந்தாள். அதற்குள் செல்லக்கிளி முந்திக்கொண்டாள். முன்பின் தெரியாத ஒரு பெண்ணைப் பார்ப்பதுபோலத் தங்கையைப் பார்த்துவிட்டு, டாக்டரிடம், "அந்தப் பிள்ள மேல கோவப்படாதிய சார். சின்னப் பிள்ளதான, கை தவறியிருக்கும்" என்றாள்.

திருடனைத் தேள் கொட்டினால் வாய்விட்டு அழ முடியாது. இவர்கள் என்ன திருடினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை, ஆனால் அக்காளும் தங்கையும் அன்றைக்கு அப்படித்தான் நின்றார்கள். டாக்டர் முப்பத்து நான்கை அடித்துவிட்டு ஐம்பத்திரண்டு என்று எழுதினார். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். "புகையிலைத் தூசி எல்லாருக்கும் இருக்கதுதான். இந்த வயசுக்கு இவ்வளவு மூச்சு இருந்தாப் பரவால்ல" என்று சொல்லி, சத்து மாத்திரையும் இருமல் மருந்தும் கொடுத்தார். வெளியே அவள் சொன்ன வயதில் பாதி இருந்த பெண்கள் இரைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர் கணக்குப்படி அவர்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அடுத்த பெயரைக் கூப்பிடச் சொன்னார்.

அதற்குப் பிறகு சுகன்யா அக்காவிடம் கெஞ்சினாள், சண்டை போட்டாள், பெரிய ஆஸ்பத்திரிக்காவது வா என்று கையைப் பிடித்து இழுத்தாள். வெளியே சொன்னால் இந்த வீட்டுப் படி ஏறக் கூடாது என்று செல்லக்கிளி சத்தியம் வாங்கிக்கொண்டாள். கொடுத்த சத்தியத்தை இவளும் காப்பாற்றினாள். அந்தச் சத்தியத்தை நினைத்தால் எனக்கு அவள் மேலும் கோபம் வரும், பிறகு அழுகை வரும். மாசி மாதம் செல்லக்கிளி ரத்தமாகத் துப்பினாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரண்டு நுரையீரலும் போய்விட்டது, இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று அங்கே இருந்த டாக்டர் திட்டினாராம். பங்குனி பிறக்கவில்லை, அவள் போய்விட்டாள்.

செல்லக்கிளியின் சாவும் கடைக்குத் தெரியவில்லை. தெரிவிக்கத் தேவையும் இல்லை. கடைக் கணக்குப்படி செல்லக்கிளி என்று ஒருத்தி அங்கே வேலையே பார்க்கவில்லை. மாரிக்கண்ணு கார்டுக்கு அந்த வாரமும் பீடி போயிற்று, நாத்தனார் சுற்றிப் போட்டாள்.

காரியம் முடிந்த பிறகு சுகன்யா டாக்டரைப் பார்க்கக் கிளம்பினாள். தனியாகப் போகப் பயந்து என்னையும் கூட்டிக்கொண்டாள். டாக்டர் மேஜையில் அறிக்கை தயாராக இருந்தது, நாங்கள் போட்ட படம் முதல் பக்கத்திலேயே. அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கார்டு, அம்மா, அக்கா, அழித்துப் போட்ட எண். டாக்டர் ஓட்டத்தை நிறுத்தி உட்கார்ந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அன்னைக்கு எம் முன்னால நின்னது உன் அக்காவா?"

"ஆமா சார்."

"முப்பத்தி நாலா?"

"ஆமா சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். படத்தை எடுத்து அவள் பக்கமாகத் திருப்பினார். "இது மாதிரி இதுல இன்னும் எத்தன பேரு இருக்காவ?"

"தெரியாது சார். கீழ கெடக்கவ்வோ உண்மையச் சொன்னவ்வோ, அவ்வள மட்டுந்தான் தெரியும். கோட்டு மேல இருக்கதுல யாரு அம்மை, யாரு மகள்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்பம் இந்தக் கோடு?"

"அவ்வளயெல்லாம் வச்சுத்தான் சார் கோடே போட்டிருக்கேன்."

டாக்டர் தாளை அவள் கையில் கொடுத்தார். பிறகு, "இன்னொரு தடவ போட்டுப் பாரேன்ம்மா" என்றார்.

"எந்த வயச வச்சு சார் போடட்டும்?" என்று கேட்டாள் சுகன்யா.